பிடி, விடு: ஓர் அயனி மரத்தை இறக்கிய மூன்று நாள்

அயனி, பலாவின் காட்டு உறவு. மரத்தின் மூடு, அதாவது அடிமரம், தமிழ்நாட்டில் இருந்தது. மேற்கே நீண்ட இரண்டு பெருங்கொப்புகள் வேலியைத் தாண்டி, ஊடுவழியையும் தாண்டி, கேரளத்து மின்கம்பிகளுக்கு மேலே நின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அக்கா வீடு இந்தப் பக்கம், தங்கச்சி வீடு அந்தப் பக்கம் என்று பொழங்குகிற ஊர்கள்தான். வீட்டு அம்மச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்க மாமனாரு நட்ட மரமாக்கும். அப்போ இந்த எல்லை எல்லாம் எங்க இருந்து?" கணக்குச் சரிதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே மண்தான், முதலில் திருவிதாங்கூர், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி.

உயரம் எழுபத்தைந்து அடி இருக்கும். மூட்டில் டேப்பைச் சுற்றினால் பத்தடி. கிழக்கே எட்டடி தள்ளி ஓட்டு வீடு, வடக்கே கிணறு, தெற்கே மாட்டுத் தொழுவமும் அதன் பக்கத்தில் கொஞ்சம் காலி இடமும், மேற்கே கம்பி. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஏதாவது ஒன்று போகும். இப்படிப்பட்ட மரத்தை வெட்டிச் சாய்க்க முடியாது, மேலிருந்து துண்டு துண்டாகக் கழற்றித்தான் இறக்க வேண்டும். வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்து, "வடம் கட்டி இழுத்துப் போட்டுருவோம்" என்று சொல்லியிருக்கிறார். அம்மச்சி கிணற்றை ஒரு தரம் பார்த்தார், அவரை அனுப்பிவிட்டார்.

இந்த வேலைக்கு நான் வந்தது ஒக்கிப் புயலுக்குப் பிறகு. 2017 நவம்பர் 30. எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேதியை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். ரப்பர் தோட்டங்கள் நடுவில் ஒடிந்து கிடந்தன, கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்டு இல்லை, வீடுகளின் மேல் மாவும் பலாவும் படுத்துக் கிடந்தன. அப்பா பனையேறி. பனையேறக் காலில் மாட்டும் நார் வளையமான திளாப்பும், அவருடைய முருக்குத்தடியும் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. எனக்கு ஏறத் தெரியும், வெட்டுகத்தி பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு மாதம் கண்டபடி ஏறி, கண்டபடி வெட்டினேன். கை கால் முழுசாக இருப்பது என் சாமர்த்தியம் இல்லை.

முறையாகச் செய்யப் பழக்கியது மச்சான். வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகளிலும் கோபுரங்களிலும் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவர். ஊருக்கு வந்ததும் என் கயிற்றைப் பார்த்து, "இதுல ஆட்டக்கூடக் கெட்டப்பிடாது" என்றார். அவருடைய வேதம் ஒரே வரி: உடம்பு எப்போதும் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். அங்கே இரும்பில் செய்ததை நாங்கள் இங்கே மரத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

ஏறுவதற்கு முன்னால் மரத்தைத் தட்டிப் பார்க்க ஒரு காலைப் பொழுது போனது. மூட்டில் வடக்குப் பக்கம் இரண்டு தட்டுக்காளான், உள்ளங்கை அகலம், அடியில் வெள்ளை விளிம்பு. வேரிலோ மூட்டிலோ காளான் தட்டு வந்துவிட்டால் உள்ளே தடி உளுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே இலை பச்சைப் பசேல் என்று இருக்கும், காயும் காய்க்கும். தண்ணீர் ஏறுவது பட்டைக்கு ஒட்டிய வெளி வளையத்தில், உளுப்பது நடுவில். அதனால் இலையைப் பார்த்து மரத்தின் பலத்தை முடிவு செய்யக் கூடாது.

சுத்தியலால் சுற்றித் தட்டினேன். தெற்கிலும் மேற்கிலும் "டக் டக்" என்று கெட்டிச் சத்தம். வடக்கே வந்ததும் பூசணிக்காயைத் தட்டினதுபோல ஆனது. அப்புறம் ஆறு மில்லி மீட்டர் கனத்தில் ஒரு நீளமான ட்ரில் பிட்டை எடுத்து நாலு திசையிலும் துளை போட்டேன். நல்ல இடத்தில் பிட் முனகிக்கொண்டே போகும், மஞ்சள் தூள் சுருள் சுருளாக வரும். வடக்கே நாலு அங்குலம் வரை மஞ்சள் வந்தது. அதற்குமேல் கை திடீரென்று உள்ளே போனது, வெளியே வந்தது காப்பிப்பொடி நிறத்தில் தூள். மற்ற மூன்று பக்கமும் எட்டு ஒன்பது அங்குலம் வரைக்கும் கெட்டி. பொந்து மரத்தில் சுற்றுச்சுவர், ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல தடியாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழக்கத்தில் உள்ள கணக்கு. இந்த மரத்துக்கு ஆரம் பத்தொன்பது அங்குலம். ஆறரை வேண்டும். வடக்கே நாலுதான்.

நிற்கும், ஆனால் உலுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஏறுவதற்கு முன்னால் மரத்தையே கட்டினோம். நாற்பதடியில் இரண்டு வடம் போட்டு, ஒன்றைத் தெற்கே பலாவின் மூட்டிலும் இன்னொன்றைத் தென்மேற்கே ஒரு பனையின் மூட்டிலும் இழுத்து நிறுத்தினோம், வடக்கே கிணற்றுப் பக்கம் சாயாமல் இருக்க.

முதல் நாள் பாதி நல்லமிளகுக்குப் போனது. மரத்தைச் சுற்றி இருபதடி வரைக்கும் கொடி ஏறியிருந்தது. அம்மச்சிக்கு மரம் போவதில் அவ்வளவு வருத்தம் இல்லை, கொடி போவதில்தான். "மக்களே, அத மட்டும் அறுத்துப் போடாதே கேட்டியா." பட்டையில் பிடித்த வேரை ஒவ்வொன்றாக மழுங்கின கத்தியால் நெம்பி, கொடியைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கீழே இறக்கினோம். கணு ஒடிந்த துண்டுகளை அவர் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். முள்முருக்கில் ஏற்றுவாராம்.

அடுத்தது முசுறு. இலைகளைத் தைத்து ஏழெட்டுக் கூடு. இந்தச் சிவப்பு எறும்பு கடித்துவிட்டு, கடித்த இடத்திலேயே பின்னால் வளைந்து எரிகிற நீரைப் பீச்சும். கை இரண்டும் வாளில் இருக்கும்போது கழுத்தில் ஏறினால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் விடியுமுன்னே, அது மந்தமாக இருக்கும் நேரத்தில், நீளக் கம்பில் கட்டிய வாளால் கூட்டுக் கொப்புகளை மட்டும் அறுத்துக் கீழே போட்டோம். சட்டைக் கையை ரப்பர் பேண்டால் கட்டி, மணிக்கட்டுக்கு மேலே அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டேன். அப்பா செய்வது. முழுசாக நிற்காது, ஆனால் பத்து ஏறினால் ஏழு வழுக்கி விழும். மீதி மூன்று கடித்தது.

முதல் கயிற்றை மேலே போடுவதுதான் பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. உண்டிவில்லில் ஓர் இரும்பு நட்டை வைத்து, அதில் தூண்டில் நரம்பைக் கோத்து, ஐம்பதடி உயரத்துக் கவட்டைக் குறிபார்த்து அடிக்க வேண்டும். நரம்பு சிக்காமல் ஓட அதை வாளித் தண்ணீரில் வளையமாக விட்டு வைப்பேன். எட்டாவது அடியில் விழுந்தது. ஆறாவது அடி தொழுவத்து ஷீட்டில் விழுந்து பசு கயிற்றை அறுக்கப் பார்த்தது. நரம்பின் முனையில் சன்னக் கயிறு, அதன் முனையில் 11 மில்லி மீட்டர் கயிறு, இப்படி ஒன்று ஒன்றை இழுத்து மேலே போகும். போட்டதும் ஏறிவிடக் கூடாது. கீழே இரண்டு பேர் தொங்கி அந்தக் கவட்டை உலுக்கிப் பார்க்க வேண்டும்.

ஏறும் கயிற்றில் என் இடுப்பு வாரை இணைப்பது ப்ரூசிக் முடிச்சு. ஒரு சின்னக் கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றில் மூன்று முறை சுற்றி, தன் வயிற்றுக்குள்ளேயே நுழைத்து எடுப்பது. கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் கடித்துக்கொள்ளும். அப்பாவின் திளாப்பும் இதே குணம்தான், உடம்பைச் சாய்க்கும்போது பிடிக்கும், தளர்த்தும்போது நகரும். வேலை செய்யும் இடத்தை அடைந்ததும் இரண்டாவதாக உள்ளே இரும்புக் கம்பி வைத்த வாரை மரத்தைச் சுற்றிப் போடுவேன். கம்பி எதற்கென்றால், மெஷின் வாள் கையில் இருக்கும்போது ஒருவன் மேலே வெட்டக்கூடிய மிக மோசமான பொருள் தன்னுடைய கயிறுதான்.

மேற்குக் கொப்புகளுக்கு லைன் அணைக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து லைன்மேன் பத்து மணிக்கு வந்து அணைத்துத் தந்தார், பன்னிரண்டு மணி வரைக்கும். அணைத்த பிறகும் நான் கம்பியைத் தொட மாட்டேன். எங்காவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டியிருந்தால் கரண்டு பின்வழியாக வந்து நிற்கும். கொப்பின் நுனியில் ஒரு கயிறு, வெட்டும் இடத்துக்கு ஒட்டி ஒரு கயிறு. நுனிக் கயிற்றை மேலே கட்டிய கப்பி வழியாகக் கீழே கொண்டுபோய் இழுத்து வைத்தால், வெட்டினதும் நுனி தொங்காமல் மேலேயே நிற்கும், அடிப்பக்கம் மட்டும் இறங்கி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். குடையை மடக்குவதுபோல. இரண்டு கொப்பும் கம்பியைத் தொடாமல் வந்தன. மணி பதினொன்றே முக்கால்.

வெட்டு எப்போதும் கீழிருந்து தொடங்கும். கொப்பின் அடியில் கால்வாசிக்கு ஒரு வெட்டு, அப்புறம் இரண்டு விரல் வெளியே தள்ளி மேலிருந்து. கீழ்வெட்டு இல்லாவிட்டால் கொப்பு பாதியில் ஒடிந்து, பட்டையை மரத்தோடு உரித்துக்கொண்டு போகும். அந்த உரியல் உன் கட்டு வாருக்குள் வந்தால் உன்னையும் மரத்தோடு நெரிக்கும். வாளின் நுனி மேல்பாதியை எதிலும் இடிக்கவிடக் கூடாது, இடித்தால் வாள் முகத்தைப் பார்த்துத் தெறிக்கும். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், இதில் கஞ்சத்தனம் கூடாது. அயனிக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, பால். பத்து வெட்டுக்கு ஒருமுறை சங்கிலியில் பசை பிடித்து இறுகும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். கைக்கு, அடுக்களையில் சக்கை வெட்டும்போது செய்வதுபோல, முதலிலேயே தேங்காயெண்ணெய்.

சித்திரை கடைசி. பழம் பழுத்திருந்தது. அறுபதடியில் வார் கட்டி நின்று, எட்டின அயனிச்சக்கையைப் பிளந்து நாலைந்து சுளை தின்றேன். கீழே பிள்ளைகள் சத்தம் போட்டார்கள், மீதியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கொட்டையை வறுத்துத் தின்ன அம்மச்சி பொறுக்கி வைத்தார்.

இறக்கும் பக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் வெட்டுவது சின்னப் பங்கு. பச்சைத் தடியின் எடைக்குத் தண்ணீரின் எடையையே வைத்துக்கொள்வேன், கன அடிக்கு 28 கிலோ. கொஞ்சம் கூடுதலாக வரும், அது நல்லதுதான். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் விட்டம் உள்ள துண்டு கிட்டத்தட்ட 200 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நாலு மடங்கு. இதை ஆள் பிடித்து இறக்க முடியாது. நான் பட்டறையில் நாலங்குல இரும்புக் குழாய்த் துண்டை ஒரு தகட்டில் வெல்டு வைத்து வாங்கினேன். துறைமுகத்தில் வள்ளத்தைக் கட்டும் இரும்புக் குற்றியைப் பார்த்து வந்த யோசனை. அதை மரத்தின் மூட்டில் சங்கிலியால் கட்டி, மேலிருந்து வரும் கயிற்றை அதில் மூன்று சுற்றுச் சுற்றினால், அந்த 200 கிலோவை ஒருவர் இரண்டு கையால் அடக்கலாம். ஒரு சுற்றைக் கழற்றினால் ஓடும், ஒரு சுற்றைக் கூட்டினால் நிற்கும்.

மறந்துபோகிற ஒரு விஷயம் கப்பி. துண்டு 200 கிலோ, கீழே கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற இழுப்பும் அதே அளவு. இரண்டும் சேர்ந்து கப்பி கட்டிய இடத்தில் 400. அதுவும் மெதுவாக நிறுத்தினால். ஓடிவந்த துண்டை வெடுக்கென்று நிறுத்தினால் அதன் பல மடங்கு. என் மரத்துக்கோ வடக்கே நாலங்குலச் சுவர். அதனால் திட்டம் இதுதான்: ஒவ்வொரு துண்டையும் விழவிட்டு, ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடக்குவது. எங்குமே வெடுக்கென்று நிறுத்தக் கூடாது.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குமேல் வெடுக்கென்று நின்றது.

கிழக்குப் பக்கம், ஓட்டுக்கு மேலே நீண்ட கொப்பு. பதினெட்டு அடி, அடியில் பத்தங்குலம். கயிற்றைப் பிடித்தது கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துச் சேட்டன். ஊடுவழிக்கு எதிர்வீடு, ரப்பர் வெட்டுகிறவர், நல்ல பலசாலி, இந்த வேலைக்குப் புதுசு. கொப்பு முறிந்ததும் நாலடி ஓடவிட வேண்டும், அப்போது நுனி ஓட்டைத் தாண்டித் தெற்கே திரும்பும், பிறகு பிடிக்க வேண்டும். காலையில் சொல்லியிருந்தேன். சொன்னேன் என்றால், நான் சொன்னேன், அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

வெட்டு முடிந்தது. நார் படபடவென்று அறும் சத்தம். வாள் அணையவில்லை, இடுப்பில் தொங்கி உறுமிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன்: "விடு!"

அவர் இரண்டு கையாலும் பிடித்தார்.

கொப்பு ஒரு முழம் இறங்கி நின்றது. அந்த நிற்பு கயிறு வழியாகக் கப்பிக்கு வந்து, கப்பியிலிருந்து மரத்துக்கு வந்து, மரத்திலிருந்து என் குதிகாலுக்கு வந்தது. பஸ் பிரேக் போட்டதுபோல இல்லை, அதைவிட மெதுவாக. மரம் என்னைக் கிழக்கே ஓரடி கொண்டுபோய், ஒரு நொடி யோசித்து, திரும்பக் கொண்டுவந்தது. மூட்டிலிருந்து "க்ர்" என்று ஒரு சத்தம். தெற்கே கட்டிய வடம் விம்மி அதிர்ந்தது. நான் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வார் இருக்கிறது, கட்டிப் பிடிப்பதால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். கை கேட்கவில்லை.

இதற்குள் கொப்பின் நுனி ஊஞ்சல்போல வீசி ஓட்டில் அடித்தது. சத்தம் முதலில் வந்தது, தூசி அப்புறம் எழும்பியது. நான் எண்ணினபோது பதினேழு ஓடும், ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான பட்டியல் ஒன்றும் உடைந்திருந்தன. அம்மச்சியைக் காலையிலேயே பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தோம். அந்த ஒரு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

கீழே வந்தேன். சேட்டன் கயிற்றை இன்னும் விடவில்லை, முகம் வெளுத்திருந்தது. "அண்ணன் பிடின்னல்லே பறஞ்ஞது?" என்றார்.

"விடுன்னுதான சொன்னேன்."

"பிடின்னா கேட்டது."

சண்டை போட ஒன்றும் இல்லை. உட்கார்ந்து, வாளை ஓடவிட்டு, மச்சானை மேலே ஏற்றி இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிக் கத்தச் சொன்னோம். வாள் உறுமும்போது காதில் விழுவது "...இ..." என்ற ஒரு சத்தம் மட்டும்தான். பிடி, விடு. இரண்டும் இரண்டு எழுத்து, இரண்டும் குறில், இரண்டிலும் முதலில் இகரம், நடுவில் டகரம். முதல் மெய் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. கடைசியில் இருப்பது இகரமா உகரமா என்று அறுபதடிக்குக் கீழே யார் பிரித்துக் கேட்பது? மலையாளத்திலும் இதே இரண்டு வார்த்தைதான், இதே பொருள்தான், அதனால் பாஷை மாற்றியும் தப்ப முடியாது. கிணறு தூர்வாரும்போதும், தேர் இழுக்கும்போதும், கல் ஏற்றும்போதும் தலைமுறை தலைமுறையாகக் கத்திவந்த வார்த்தைகள். அங்கெல்லாம் மெஷின் வாள் இல்லை.

தப்பு என்னுடையதும்தான். வாளை அணைத்துவிட்டு வாய் திறந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், காலையில் திட்டத்தை நான் சொன்னதோடு நிறுத்தியது. சேட்டன் அதைத் திருப்பி எனக்குச் சொல்லியிருந்தால் "முதலில் ஓடவிடணும், அப்புறம் பிடிக்கணும்" என்ற வரிசை அவர் கையில் ஏறியிருக்கும். பயம் வந்தால் புதுசாக வந்தவன் கை பிடிக்கத்தான் செய்யும், விடாது. யாராக இருந்தாலும் அப்படித்தான். அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவன் மேலே இருக்கிறவன்.

களியக்காவிளைச் சந்தையில் இரண்டு விசில் வாங்கினோம். நீளமாக ஒன்று என்றால் பிடி. குட்டையாக இரண்டு என்றால் விடு. கீழே இருப்பவர் அதே விசிலைத் திருப்பி அடித்த பிறகுதான் வெட்டின் கடைசி அங்குலத்துக்குப் போவேன். வாய்ச்சொல்லாக ஒன்றே ஒன்று, "நில்லு", அதையும் எல்லாம் நின்றுபோக வேண்டிய ஆபத்துக்கு மட்டும். விசிலைக் கயிற்றில் தொங்கவிட்டால் சங்கிலியில் மாட்டும் என்பதால் பல்லில் கடித்துக்கொண்டே வெட்டினேன். எச்சில் வழியும். மரத்தூள் எச்சிலில் ஒட்டும். அயனித் தூள் துவர்ப்பு.

ஏறுவதற்கு முன்னால் கயிறு முழுவதையும் விரலால் உருவிப் பார்த்தேன். கொப்பில் கட்டு விழுந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு சப்பையாகி, பளபளவென்று உருகியிருந்தது. முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு தன் பலத்தில் ஒரு பெரும் பங்கை இழக்கும், அதிலும் இப்படி உருகியிருந்தால் அது இனி வாழைக்குலை கட்டத்தான் ஆகும். அந்த முனையில் ஆறடியை வெட்டிப் போட்டோம். மூட்டையும் மறுபடி தட்டிப் பார்த்தேன். வடக்கே பட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு புதுக் கீறல். தெற்கு வடத்தை இன்னும் இரண்டு பிடி இறுக்கினோம். மீதிக் கொப்புகளை ஆறடித் துண்டுக்குமேல் வெட்டுவதில்லை என்றும் முடிவு செய்தோம். வேலை நீண்டது. நீளட்டும்.

மூன்றாம் நாள் கொப்பில்லாத ஒற்றைத் தடி மட்டும். இது பார்க்கப் பயமாக இருக்கும், செய்ய நிம்மதி, ஏனென்றால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி. தெற்கே பார்த்து ஆப்பு வடிவில் வாய் வெட்டு, தடியின் விட்டத்தில் கால்வாசி ஆழம். பின்பக்கத்திலிருந்து நேர்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு அறுக்காத நார். அதுதான் கீல். கதவுபோல அது திரும்பித் துண்டைச் சாய்க்கும். கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. மூன்றடி, இரண்டரையடி, கீழே வர வர இரண்டடி. குட்டையாக இரண்டு விசில், கீழேயிருந்து திரும்ப இரண்டு விசில், ஒரு தள்ளு. கயிறு இரும்புக் குழாயில் சீறிக்கொண்டு ஓடும், பத்தடி போனதும் நீளமாக ஒன்று, துண்டு பஞ்சுமூட்டைபோல மெத்தென்று நிற்கும். சேட்டன் மூன்றாவது துண்டிலேயே கை பழகிவிட்டார். அதற்கப்புறம் என் விசிலைவிட அவருடைய விசில்தான் சத்தம்.

கடைசிப் பத்தொன்பது அடியை இறங்கி நின்று பார்த்தோம். தெற்கே தொழுவத்துக்கும் வேலிக்கும் நடுவே இருபது அடி இடம் இருந்தது. பசுவை அவிழ்த்து ஊடுவழியில் கட்டி, தென்னை மட்டையும் பழைய டயரும் பரப்பி, மூட்டிலிருந்து ஐந்தடி விட்டு, பொந்து முடியும் என்று நினைத்த இடத்தில் வெட்டினோம். பதினாலு அடித் தடி. விழுந்ததும் கிணற்றுத் தண்ணீர் வளையம் வளையமாக ஆடியது. வெட்டு முகத்தில் நடுவே கை நுழையும் அளவு ஓட்டை, அதற்குள் காப்பிப்பொடி. அதற்கு மேலே தடி மஞ்சளாக, முழுசாக இருந்தது.

தடிக்கு வேறொரு வியாபாரி வந்தார். இந்தப் பக்கத்து வழக்கப்படி சணலை நடுத்தடியில் சுற்றி, நாலாக மடித்து, அந்த மடிப்பின் நீளத்தை டேப்பில் வைத்தார். சுற்றளவு நூறு அங்குலம், நாலில் ஒன்று 25. இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கி, அதைப் பதினாலு அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் அறுபதே முக்கால் கன அடி. அறுபது என்று எழுதினார். வட்டக் கணக்குப்படி உள்ளே இருப்பது 77. நூல்கணக்கு எப்போதும் நூற்றுக்கு எழுபத்தெட்டுதான் காட்டும், மீதி மில்லில் மேல்பட்டையோடு போவதாக வைத்த கணக்கு. இதை விற்கிறவர்கள் பலருக்கும் தெரியாது. அம்மச்சிக்குத் தெரிந்திருந்தது. "முக்கால எங்க வச்சேரு?" என்று கேட்டு, எழுத வைத்தார்.

அயனித் தடி தண்ணீருக்கு அஞ்சாது. வடக்கே கேரளத்தில் பந்தயம் விடும் நீளப் படகுகளான சுண்டன் வள்ளங்களைப் பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள். இந்தத் தடி எங்கே போனது என்று கேட்கவில்லை. ஜன்னலாக ஆகியிருக்கலாம்.

ஓட்டு விஷயம் எங்கள் பாடு. பேசின கூலியில் அது அடங்காது, கேட்கவும் இல்லை. பதினேழு ஓட்டுக்கு மார்த்தாண்டத்தில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் இரண்டு ஏறி இறங்கினேன். எல்லா ஓடும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மேலே வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் பள்ளம் வேறு, பட்டியலில் மாட்டும் மூக்கு வேறு என்று தெரியும். முதல் நாள் வாங்கின ஆறு ஓடு பக்கத்து ஓட்டில் உட்காராமல் ஆடின. உடைந்த துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், அதன் முதுகில் இருந்த முத்திரையைக் காட்டித் தேடியபிறகுதான் சோடி கிடைத்தது. ஒடிந்த பட்டியலுக்குப் பழைய கமுகு வாரி ஒன்றைச் சீவிப் போட்டேன். அம்மச்சி கீழே நின்று, உள்ளே வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் துடைப்பக்கட்டையால் குத்திக் காட்டினார். அதில் நாலு ஓட்டை எங்கள் கொப்பு போட்டது இல்லை. அதையும் அடைத்தேன்.

நாலு மணிக்குக் கோடை மழை வந்தது. இன்னும் இரண்டு ஓடு பாக்கி. அம்மச்சி சருவம் ஒன்றை உள்ளே இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. சேட்டன் ஏணியில் பாதி ஏறி, தலைக்குமேல் ஓட்டை நீட்டிக்கொண்டு நின்றார், மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. நான் கையை நீட்டினேன். அவர் ஓட்டை விடாமல் என்னையே பார்த்தார். பல்லில் விசில்.

நீளமாக ஒன்று அடித்தார். பிடித்தேன்.